குளம் உண்ணும் வெப்பம்

ஏரி குளங்களின் நீர்க்கணக்கை எழுதுவோர் கோடைதோறும் தவறாது எழுதும் தொடர் ஒன்றுண்டு. 'ஆவியாதலால் இழப்பு' என்பதே அது. வயலுக்குப் பாய்ந்த நீர் 'பாசனம்' எனப் பெயர் பெறும். நிலத்துள் இறங்கிய நீர் 'ஊறல்' எனப் பெயர் பெறும். வான்நோக்கிச் சென்ற நீர் மட்டும் 'இழப்பு' என்னும் பழியைச் சுமக்கும். செலவுப் பக்கத்தில் ஒன்றை எழுதினால், அச்செலவால் வந்தது யாது என வரவுப் பக்கத்தையும் நோக்குதல் கணக்கர் மரபு. குளத்து நீர் ஆவியாகும்பொழுது வெறுங்கையோடு போவதில்லை. ஊர்மேல் விழுந்த வெயிலின் வெப்பத்தில் பெரும்பங்கைத் தன்னுள் அடக்கிக்கொண்டே போகின்றது. அந்த வரவு ஊர்க்கணக்கில் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத பொருளுக்கு விலையில்லை. விலையில்லாப் பொருளைத் தூர்ப்பதற்கு எவர் கையும் கூசுவதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூரை எடுத்துக்கொள்க. குளத்தைக் கொண்டே பெயர் பெற்ற ஊர் அது. தொண்டைமான் அரசில் ஆலங்குடி, திருமயம் என்பவற்றோடு மூன்று வட்டங்களுள் ஒன்றாய் விளங்கியது குளத்தூர் வட்டம். 1948-இல் அவ்வரசு இந்திய ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியது. 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமான பின்னும் குளத்தூர் வட்டம் தன் பெயர் மாறாமல் நிற்கின்றது. வற்றாத பேராறு தனக்கென ஒன்றில்லாத நாடு இது. வடகிழக்குப் பருவமழையை ஏந்திப் பிடித்து, ஆண்டு முழுதும் பகுத்துண்ண வேண்டிய நிலம். ஆகவே முன்னோர் ஊர்தோறும் கரை கட்டினர், வரத்துக்கால் வெட்டினர், குமிழியும் தூம்பும் கலிங்கும் அமைத்தனர். மடைத்தூண்களில் பெயர் பொறித்து வைத்தனர். அக்குளங்கள் நெல்லுக்கு நீர் தந்ததை அனைவரும் அறிவர். அவை ஊரின் வெப்பத்தை உண்டதை அறிந்து சொல்வோர் அரியர்.

உணர்வால் அன்றிக் கணக்கால் இதனைக் காட்டல் வேண்டும். அக்கணக்கு அரியதும் அன்று. பள்ளிப் பிள்ளைகள் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் கற்கும் கணக்கே அது.

முதற்கண் வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பதைத் தெளிக. அடுப்பிலிருந்து இறக்கிய ஒரு குவளைக் கொதிநீரின் வெப்பநிலை, குளத்து நீரின் வெப்பநிலையினும் பன்மடங்கு உயர்ந்தது. ஆயினும் குளம் முழுதும் அடங்கிக் கிடக்கும் வெப்பத்தின் முன் குவளையின் வெப்பம் கடுகளவும் ஆகாது. வெப்பநிலை என்பது எவ்வளவு சூடு என்னும் நிலை. வெப்பம் என்பது எவ்வளவு ஆற்றல் என்னும் அளவு. ஒரு கிராம் நீரை ஒரு பாகை செல்சியசு உயர்த்த வேண்டும் வெப்பம் ஒரு கலோரி. ஒரு கிலோ நீரை ஒரு பாகை உயர்த்த வேண்டுவது கிலோகலோரி.

எல்லாப் பொருளும் வெப்பத்தை ஒரே வகையாய் ஏற்பதில்லை. நீரின் தன்வெப்பம் 1 எனின், பனிக்கட்டிக்கு அது 0.5, கருங்கல்லுக்கு ஏறத்தாழ 0.2, இரும்புக்கு 0.11, செம்புக்கு 0.09. ஒரு கிலோ நீரை ஒரு பாகை உயர்த்தும் வெப்பம், ஒரு கிலோ கருங்கல்லை ஐந்து பாகை உயர்த்திவிடும். குளத்தூர் வட்டத்து நார்த்தாமலையில் கோடை நண்பகலில் வெறுங்காலோடு ஏறியோர்க்கு இதனைச் சொல்லிக்காட்ட வேண்டுவதில்லை. பாறையில் கால் பொறுக்காது. அப்பாறையிடைச் சுனையில் கை வைத்தால் குளிரும். இரண்டின்மேலும் காய்ந்தது ஒரே கதிரவன்தான்.

இனி, பொருள் தன் நிலை மாறும் இடத்தைக் காண்க. சுழிப்பாகைக்குக் கீழே பத்துப் பாகையில் உள்ள ஒரு கிலோ பனிக்கட்டியை முழுதும் ஆவியாக்க வேண்டும் எனக் கொள்க. கணக்கு நான்கு படியாய் நடக்கும். பனிக்கட்டியைச் சுழிப்பாகைக்குக் கொணர 5 கிலோகலோரி. அதனை உருக்கி நீராக்க 80. அந்நீரைச் சுழிப்பாகையிலிருந்து நூறு பாகைக்கு உயர்த்த 100. நூறு பாகை நீரை ஆவியாக்க 540. ஆக மொத்தம் 725. முதற்படியிலும் மூன்றாம் படியிலும் நிறை, தன்வெப்பம், வெப்பநிலை உயர்வு மூன்றையும் பெருக்குதல் வேண்டும். இரண்டாம் படியிலும் நான்காம் படியிலும் நிறையை உள்ளுறை வெப்பத்தால் பெருக்கினால் போதும். ஏனெனின் ஆண்டு வெப்பநிலை உயர்வதே இல்லை. வெப்பமானியை வைத்தவன் அதன் முள் அசையக் காணான். அடுப்போ எரிந்துகொண்டே இருக்கும். மொத்த வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, முள்ளை அசைக்காத அந்த இறுதிப் படியிலேயே செலவாகின்றது.

இப்புதிரை அளந்து விளக்கியவர் காட்லாந்து நாட்டு அறிஞர் சோசப்பு பிளாக்கு. 1760-களில் கிளாசுகோப் பல்கலைக்கழகத்தில் அவர் இதனைக் கற்பித்தார். சுழிப்பாகையை எட்டியவுடன் பனி முழுதும் ஒருங்கே உருகிவிடுமாயின் இளவேனில்தோறும் பெருவெள்ளம் நாட்டை அழித்துவிடும். அங்ஙனம் நிகழாமைக்குக் கரணியம், பனி உருகுதற்கு மிகுந்த வெப்பத்தை உள்வாங்குதலே என்பது அவர் காட்டிய ஏரணம். நீராவிப் பொறியைத் திருத்தியமைத்த சேம்சு வாட்டு அதே பல்கலைக்கழகத்தில் கருவி செய்வோராய் இருந்தவர், பிளாக்கோடு பழகியவர்.

பிளாக்கு சூட்டிய பெயருக்கு 'மறைந்து கிடப்பது' என்று பொருள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதனை 'உள்ளுறை வெப்பம்' என்கின்றன. ஈழத்துப் பாடநூல்கள் 'மறைவெப்பம்' என்கின்றன. இரண்டும் நற்றமிழே. எனினும் 'உள்ளுறை' என்னும் சொல் தமிழ் கற்ற பிள்ளைக்குப் புதியதன்று. தொல்காப்பியம் உள்ளுறை உவமம் கூறும். அகப்பாட்டில் வெளியே ஒரு பறவையும் ஒரு பூவும் ஒரு நீர்த்துறையும் தோன்றும்; உள்ளே தலைவனின் ஒழுக்கமோ தலைவியின் துயரோ உறையும். கேட்போர் உய்த்துணர்ந்து கொள்வர். நீராவியும் அத்தகையதே. தொட்டுப் பார்க்கும் வெப்பமானிக்கு அதன் உள்ளே உறைவது புலனாகாது. கணக்கிட்டு உய்த்துணர்வோர்க்கே புலனாகும். இலக்கணத்தில் பயின்ற சொல் இயற்பியலில் வந்து விளக்கேற்றுகின்றது. அயன்மொழியில் இதனை நெட்டுருச் செய்யும் பிள்ளைக்கு அவ்விளக்கு எட்டுவதில்லை.

இங்கொரு வினா எழும். குளத்து நீர் கொதிப்பதில்லையே, நூறு பாகையை எட்டாத நீர்க்கு இக்கணக்கு யாங்ஙனம் பொருந்தும் என்பது அது. ஆவியாதற்குக் கொதிக்க வேண்டுவதில்லை. கொடியில் உலரும் வேட்டி கொதித்தா உலர்கின்றது? முப்பது பாகையில் உள்ள நீரும் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்நிலையில் ஒரு கிலோ நீர்க்கு வேண்டும் உள்ளுறை வெப்பம் 540 அன்று. ஏறத்தாழ 580 கிலோகலோரி.

வீட்டு மண்பானை இதற்குச் சான்று. பத்துக் கிலோ நீர் உள்ள பானையின் புறத்தே நூறு கிராம் கசிந்து ஆவியானால், அது கொண்டுசெல்லும் வெப்பம் 58 கிலோகலோரி. வெளிவெப்பம் உட்புகாதாயின் எஞ்சிய நீர் ஆறு பாகையளவு குளிர்ந்துவிடும். நூற்றில் ஒரு பங்கு நீரைக் கொடுத்து மீதியைக் குளிர்வித்துக்கொள்ளும் இவ்வாணிகத்தை எந்த இல்லத்தரசியும் 'இழப்பு' என்று சொன்னதில்லை. குளம் என்பது ஊருக்குப் பொதுவாய் வைத்த மண்பானை.

குளத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்க. ஓர் எக்டேர் நீர்ப்பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் ஆவியானால் அதன் நிறை 10,000 கிலோ. அதனோடு செல்லும் வெப்பம் 58,00,000 கிலோகலோரி. தமிழ்நாட்டுக் கோடையில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியாதல் இயல்பு. ஆகவே ஓர் எக்டேர் குளம் ஒரு கோடைநாளில் உண்ணும் வெப்பம் 2,90,00,000 கிலோகலோரி. ஏறத்தாழ மூன்று கோடி.

இவ்வெண் மனத்துள் நிற்க வேண்டுமாயின் வேறோர் அளவோடு ஒப்பிடுக. 860 கிலோகலோரி சேர்ந்தது ஒரு மின்னலகு. அவ்வகையில் மேற்சொன்ன வெப்பம் 33,700 மின்னலகுக்கு ஒப்பாகும். தெளிந்த கோடைநாளில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் விழும் வெயில் ஏறத்தாழ ஆறு மின்னலகு. ஓர் எக்டேருக்கு 60,000. ஆகவே தன்மேல் விழுந்த வெயிலில் பாதிக்கு மேற்பட்டதைக் குளம் ஓசையின்றி உண்டுவிடுகின்றது.

இன்னும் ஓர் ஒப்பீடு. செல்வர் வீட்டுக் குளிரூட்டிகளை 'ஒரு டன்', 'இரண்டு டன்' என்று விற்கின்றனர். அந்த டன் குளிரூட்டியின் எடை அன்று. ஒரு டன் பனிக்கட்டி இருபத்து நான்கு மணி நேரத்தில் உருகும்பொழுது உள்வாங்கும் வெப்பத்தையே அது குறிக்கும். பனிக்கட்டியை அடுக்கி வைத்து அறைகளைக் குளிர்வித்த காலத்தின் எச்சம் அப்பெயர். அதுவும் உள்ளுறை வெப்பக் கணக்கே. ஈண்டுக் கொள்ளும் டன் அமெரிக்க டன், 907 கிலோ. அதனை 80-ஆல் பெருக்கின் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 72,600 கிலோகலோரி. குளம் உண்ணும் வெப்பத்தை இதனால் வகுத்தால் விடை 400. ஒரே ஒரு எக்டேர் குளம், இரவும் பகலும் ஓயாது ஓடும் நானூறு குளிரூட்டிகளுக்கு ஒப்பான வெப்பத்தை ஏற்கின்றது. மின்கட்டணம் இல்லை, பழுது பார்ப்போர் இல்லை. குளிரூட்டி தான் இழுத்த வெப்பத்தோடு தன் மின்செலவின் வெப்பத்தையும் சேர்த்துத் தெருவில் கொட்டும். ஒரு வீட்டின் குளிர்ச்சி அடுத்த வீட்டின் புழுக்கமாகும். குளம் அங்ஙனம் எவர் தலையிலும் கொட்டுவதில்லை.

மிகைப்படுத்தல் தமிழர்க்குப் பெருமை தராது. ஆகவே இக்கணக்கின் எல்லையையும் சொல்லுதல் முறை. குளம் உண்ணும் வெப்பம் ஊரின் வீடுகளுக்குள்ளிருந்து இழுக்கப்படுவதன்று. பெரிதும் குளத்தின்மேல் விழும் வெயிலின் வெப்பமே. ஆகவே நானூறு குளிரூட்டி தரும் குளிர்ச்சி ஊரார்க்கு அப்படியே கிட்டும் என எண்ணற்க. கரையை அடுத்தும் காற்று வீசும் பக்கத்திலுமே தண்மை மிகத் தோன்றும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஆவியாதல் குறையும். அன்று புழுக்கமும் உண்டு. இவையெல்லாம் மெய்யே.

ஆயினும் குளம் இல்லாவிடின் நிகழ்வது யாது என்பதையும் எண்ணுக. வற்றிய குளத்தின் தரைமீதும் அதே வெயில் விழும். உண்பதற்கு நீர் இல்லை. மண் சூடேறும், மண் காற்றைச் சுடும். ஓர் எக்டேர் நிலத்தின்மேல் ஆயிரம் மீட்டர் உயரம்வரை நிற்கும் காற்றை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 28 நூறாயிரம் கிலோகலோரி போதும். குளம் உண்ட வெப்பம் முழுதும் அக்காற்றுக்கே செல்லுமாயின் அது பத்துப் பாகை உயர்ந்துவிடும். ஒரு பங்கு தரைக்குள் இறங்கும், ஒரு பங்கு வானுக்கு மீளும், ஒரு பங்கைக் காற்று அடித்துச் செல்லும்; ஆகவே பத்தும் ஏறிவிடாது. ஆனால் குளம் செய்துவந்த பணியின் அளவு எத்தகையது என்பதற்கு அவ்வெண் போதிய சான்று.

ஆவியுள் உறைந்த வெப்பம் அழிவதும் இல்லை. ஆவி மேலெழுந்து முகிலாய்க் குளிரும்பொழுது, உண்ட வெப்பத்தை ஒரு கலோரியும் குறையாது வானத்தில் கக்கிவிடும். இடிமுகில் எழுவதும் புயல் வலுப்பதும் அவ்வெப்பத்தாலேயே. 2018 நவம்பர் 16-இல் கரை கடந்த கசாப் புயல் புதுக்கோட்டை மாவட்டத்தில் சாய்த்த தென்னைகளை எவரும் மறந்திலர். அப்புயலின் ஆற்றல் எங்கிருந்து வந்தது? கடல் நீர் ஆவியாகும்பொழுது உண்டு மறைத்த வெப்பம், முகிலாகும்பொழுது வெளிப்பட்டதனால் வந்தது. மண்பானையைக் குளிர்விப்பதும் தென்னந்தோப்பைச் சாய்ப்பதும் ஒரே கணக்கின் இரு முனைகள். இவ்வளவு வலிய ஒன்றை 'இழப்பு' என்ற ஒரே சொல்லால் கடந்துபோவது அறிவுடைமை ஆகுமா?

கடந்து போயினர் என்பதற்குச் சென்னையும் மதுரையும் சான்று. 1920-களில் மயிலாப்பூரின் நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுப்பப்பட்டது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதும் நுங்கம்பாக்கத்து ஏரிப் பரப்பிலேயே. வான்சிறப்பைக் கடவுள் வாழ்த்தை அடுத்து வைத்த புலவர்க்கு நீர்நிலைமேல் நினைவகம் எழுப்பிய முரணைத் தமிழன்பர்கள் வாய்விட்டுச் சொல்லல் வேண்டும். தம்மவர் செய்தது என்பதால் பிழை நிறை ஆகிவிடாது. மதுரையில் 2004-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரியில். இன்று அந்நகரங்களின் கோடை இரவுகள் தணியாமைக்குக் கரணியம் பல. உண்பதற்கு நீரின்றி விட்ட வெப்பமும் அவற்றுள் ஒன்று.

புதுக்கோட்டையின் துயர் வேறுவகை. ஈண்டுக் குளங்கள் தூர்ந்தவை பல. வரத்து இழந்தவை அவற்றினும் பல. காட்டு நிலங்களில் தைல மரங்களை நிரல்நிரலாய் நட்டு, மழைநீர் வெளியேறாவாறு வரப்பும் அகழியும் இட்டமையால் குளங்களுக்கு நீர் வருவதில்லை என்பது இம்மாவட்டத்து உழவரின் நெடுநாள் முறையீடு. அம்மரங்களும் இலைவழி நீரை ஆவியாக்கி வெப்பத்தை உண்ணுகின்றனவே எனச் சிலர் வழக்காடலாம். உண்ணுகின்றன, மறுப்பில்லை. ஆனால் குளம் மழையைச் சேர்த்து வைத்து, வயலுக்கும் கால்நடைக்கும் கிணற்றுக்கும் பகுத்தளித்து, மிஞ்சியதைக் கொண்டே வெப்பத்தை உண்ணும். வரத்தை மறித்து நிற்கும் காடு ஊரின் பங்கையும் சேர்த்துப் பருகும். இரண்டும் ஒன்றாகா.

செய்ய வேண்டுவன மூன்று. முதலாவது, ஒவ்வொரு குளத்தின் ஏட்டிலும் பாசனப் பரப்பு, கொள்ளளவு என்பவற்றோடு, ஒரு கோடைநாளில் அது உண்ணும் வெப்பமும் எழுதப்பட வேண்டும். எக்டேரை மில்லிமீட்டரால் பெருக்கி 58 நூறாயிரத்தால் பெருக்கும் கணக்கு அது. ஊர் அலுவலரே போட்டுவிடலாம். குளத்தைத் தூர்க்க ஓலை வரும்பொழுது, 'இத்தனை கோடி கிலோகலோரியை இனி எவர் உண்பார்?' என்று ஊரவை கேட்க அது கருவியாகும்.

இரண்டாவது, தூர் வாருதலும் வரத்துக்கால் மீட்டலும் ஊரார் கையில் மீள வேண்டும். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உத்தரமேரூரில் ஏரி வாரியம் இருந்தது. குடவோலையால் அதற்கு ஆள் தேர்ந்தனர். பிற்காலத்தே 'மராமத்து' என்னும் அயற்சொல்லை ஒட்டிக் 'குடிமராமத்து' என வழங்கிய பணியும் குடிகளின் கூட்டுப்பணியே. 2017-இல் அரசு அப்பெயரில் திட்டம் வகுத்தது. பெயர் மீண்டது போதாது. குடிகள் மீள வேண்டும். ஆழப்படுத்திய குளத்தில் நீர் நெடுநாள் நிற்கும். கோடை முதிரும் நாளிலும், வெப்பம் மிக வாட்டும் அந்நாளிலேயே, உண்பதற்கு நீர் எஞ்சும்.

மூன்றாவது, பள்ளி. பனிக்கட்டியைச் சுழிப்பாகையினின்று உருக்கும் கணக்கைக் குளத்தூர்ப் பிள்ளை ஏட்டில் எத்தனை முறை போட்டாலும், அது கண்ணாற் கண்ட கணக்கு ஆகாது. அப்பிள்ளையைக் குளக்கரைக்கு அழைத்துச் செல்க. கரையோரம் ஓர் அளவுகோலை நட்டு, மடை அடைத்திருக்கும் நாள்களில் நீர்மட்டம் எவ்வளவு தாழ்கின்றது எனக் குறிக்கச் சொல்க. ஊறலும் அதில் கலந்திருக்கும். ஆகவே கரையில் ஒரு தட்டை ஏனத்தில் நீர் வைத்து அதன் தாழ்வையும் ஒப்பிடச் சொல்க. பின்னர் நிறையைக் காண்க, உள்ளுறை வெப்பத்தால் பெருக்குக என்று பணித்தால், அறிவியலும் தமிழும் ஊர்ப்பற்றும் ஒரே பாடத்தில் விளையும். தன் குளம் ஒரு நாளில் உண்ணும் வெப்பத்தைத் தன் கையால் கணக்கிட்ட பிள்ளை, வளர்ந்தபின் அக்குளத்தில் மண் கொட்ட வரும் ஊர்திக்கு வழிவிடுமா?

'இழப்பு' என்ற சொல்லைக் கணக்கேட்டிலிருந்து முதலில் அடித்தெழுதுக. நீர் போயிற்று என எழுதிய இடத்துக்கு நேரே, வெப்பம் போயிற்று எனவும் எழுதுக. குளத்தூர்கள் தம் பெயருக்கு ஏற்பக் குளமுள்ள ஊர்களாய் நிற்றல் வேண்டும். குளமற்ற குளத்தூர் வெயிலுக்கு விட்ட வெற்றூர்.